மூடி இல்லாத கோப்பி

அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பை இறால் வைத்திருந்தாள். பனிச்சங்கேணியிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து நாவற்குடாவுக்கு இன்னொரு பஸ், பிறகு நல்ல வெயிலில் நடை. பையிலிருந்த ஐஸ் கரைந்து விறாந்தை முழுக்கச் சொட்டியது. “அம்மா குடுத்து உட்டவ,” என்றாள்.

அவளுடைய அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. மகள் லீவில் வந்திருக்கிறாள், மகளை வேலையிடத்தில் பார்த்துக்கொள்கிற அக்காவும் லீவில் வந்திருக்கிறாள், இப்போது இறால் நன்றாகப் படுகிறது, கொஞ்சம் கொடுத்துவிடுவோம் என்று நினைத்திருக்கிறார். மகள் லீவில் வரவில்லை. அவளைப் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். எந்தக் கடதாசியை வைத்து நிறுத்தினார்களோ, அந்தக் கடதாசியில் கையெழுத்துப் போட்டவள் நான்.

நாங்கள் இருவரும் ஒரே விமானக் கம்பனியில் பணிப்பெண்கள். கம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. நான் பதினாறு வருடமாக அங்கே இருக்கிறேன். கடைசி ஏழு வருடமாக ஒரு விமானத்திலுள்ள பணிப்பெண்கள் எல்லோருக்கும் பொறுப்பாளர். அவள் சேர்ந்து ஒரு வருடமும் ஆகவில்லை. நேர்முகத்துக்கு அவளை ஆயத்தப்படுத்தியது நான்தான். “பொம்புளப் புள்ளைய ஆகாயத்துக்கு அனுப்பிப் போட்டு நாங்க எப்படி நித்திரை கொள்ளுற?” என்று அவளுடைய தகப்பன் கேட்டபோது, பனிச்சங்கேணிக்கே போய், அவர்கள் போட்டுத் தந்த தேநீரைக் குடித்து, “நான் இருக்கன்தானே” என்று பெரிய வாயாய்ச் சொல்லிவிட்டு வந்தவளும் நான்தான்.

என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள எங்கள் வேலையில் இருக்கும் ஒரு விதியைச் சொல்லவேண்டும். விமானி அறையில் எப்போதும் இரண்டு பேர் இருக்கவேண்டும். இரண்டு விமானிகளில் ஒருவர் கழிவறைக்குப் போக வெளியே வந்தால், அவர் திரும்பும்வரை பணிப்பெண் ஒருத்தி உள்ளே போய் நிற்கவேண்டும். உள்ளே இருக்கும் விமானிக்கு மயக்கமோ மாரடைப்போ வந்தால் கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா, அதற்காக. நல்ல விதிதான், நூற்றுக்கணக்கான உயிர்களுக்காகப் போட்ட விதி. ஆனால் அந்தக் கதவு கனத்த கதவு. உள்ளே நடப்பது வெளியே கேட்காது, தெரியாது. ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோ ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதற்குள்ளே இருப்பார்கள்.

பெரும்பாலான விமானிகள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்று கேட்பார்கள், அல்லது தங்கள் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே சேற்றைப் பூசக்கூடாது. நான் சொல்வது ஒரு கப்டனைப் பற்றி. நரைத்த மீசை, அழகாகத் தேய்த்த சட்டை, பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் வணக்கம் சொன்னால் கிழவிகளும் சிரிப்பார்கள். கம்பனியில் அவருக்கு அவ்வளவு மரியாதை.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு பகல் நேரப் பயணத்தில் அவர் துணை விமானியிடம், “போய்க் கொஞ்சம் காலை நீட்டிவிட்டு வா” என்றார். துணை விமானிக்குக் கழிவறை அவசரம் இருக்கவில்லை. ஆனாலும் எழுந்து போனான். நான் உள்ளே போனேன். கீழே கரை தெரிகிறது, இங்கே வந்து பார் என்றார். குனிந்து பார்த்தேன். விமானம் தானாக ஓடுகிறது, என் கைகளுக்குத்தான் வேலை இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். பிறகு அந்த வேலையில்லாத கைகள் என் மேற்சட்டைக்குள் வந்தன. நான் விறைத்துப்போய் நின்றேன். கத்தலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முப்பதாயிரம் அடி உயரத்தில் விமானத்தை ஓட்டிக்கொண்டிருப்பவரை அடிக்கவோ தள்ளவோ எனக்குப் பழக்கியிருக்கவில்லை. அவர் கையைத் தட்டினால் எதிலாவது பட்டுவிடுமோ என்ற பயம்தான் முதலில் வந்தது. நாசமாய்ப் போவான், அந்தப் பயத்தைத்தான் அவன் நம்பியிருந்தான்.

வெளியே வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நேரத்தில் பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. விமானி அறைக்குள் சூடான பானம் கொண்டுபோனால் கோப்பைக்கு இறுக்கமாக மூடி போடவேண்டும். மீட்டர்களுக்கும் விமானத்தை இயக்கும் ஆளிகளுக்கும் மேலே ஊற்றுப்பட்டால் ஆபத்து என்பதால் அது கண்டிப்பான விதி. நான் அடுத்த முறை இரண்டு கையிலும் இரண்டு கோப்பை கோப்பி, கொதிக்கக் கொதிக்க, மூடி இல்லாமல் கொண்டுபோனேன். அவர் என்னைப் பார்த்தார், கோப்பைகளைப் பார்த்தார், முன்னாலிருந்த ஆளிகளைப் பார்த்தார். கை அசையவில்லை. துணை விமானி வரும்வரை விரல் வேகவேக அப்படியே நின்றேன். வெளியே வந்து தனியே சிரித்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு முறைப்பாடு எழுதியிருக்கவேண்டும். நான் அதற்குப் பதிலாக வித்தையைப் பரப்பினேன். புதிதாக வருகிற பிள்ளைகளிடம், அந்தக் கப்டனோடு போகும்போது மட்டும், “கோப்பி கொண்டு போ, மூடி போடாத” என்பேன். ஏன் என்று கேட்கிறவள் ஒருத்தியும் இல்லை. ஒரு முறை என் முகத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதைப் பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொறுப்பாளராக உயர்ந்தபின் இன்னொரு வசதியும் வந்தது. உள்ளே யார் போவது என்று தீர்மானிப்பது நான். அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவே இல்லை. யோசிக்கவில்லை என்று எழுதுவதும் ஒரு சாட்டுத்தான்.

அவளை நிறுத்தக் காரணமான அந்த நாளில் போகும்போது ஒரு பறப்பு, திரும்பும்போது ஒரு பறப்பு. போகும்போது உள்ளே இருந்து மணி அடித்து, முன்பக்கத்துச் சின்னப் பெண்ணை அனுப்பு என்றார் கப்டன். நான் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். மூடி போடவேண்டாம் என்றேன். பனிச்சங்கேணிப் பிள்ளை இரண்டு கோப்பையோடு போனாள். திரும்பி வந்தவள் நேரே கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள், புறங்கை சிவந்திருந்தது.

“என்ன புள்ள?” என்றேன்.

“ஒண்டுமில்லக்கா.”

அந்த ‘ஒண்டுமில்ல’ கேட்டதும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதைத்தான் இப்போது நினைத்து வெட்கப்படுகிறேன். தோண்டிக் கேட்கவேண்டிய இடத்தில் நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்ப் பயணிகளுக்குச் சாப்பாடு கொடுத்தேன்.

திரும்பும்போது துணை விமானிக்கு உண்மையிலேயே வயிற்றுக் கோளாறு. மணி அடித்தது. அவளைப் பார்த்துப் போ என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “போ புள்ள, அவர் நிக்கேலாம நிக்கிறார்,” என்றேன். மறுபடியும் தலையை ஆட்டினாள், ஒரு சொல்லும் சொல்லவில்லை. துணை விமானி பொறுக்கமுடியாமல் வெளியே வந்து கழிவறைக்குள் ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. நாலு நிமிடம் போல கப்டன் தனியே உள்ளே இருந்தார். அந்த நாலு நிமிடமும் நான் கதவுக்கு இரண்டடி தள்ளி, ஒரு வேலையும் இல்லாமல், வண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தரையிறங்கியதும் கப்டன் தொப்பியை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பாதுகாப்பு விதி மீறப்பட்டிருக்கிறது, நான் அறிக்கை கொடுக்கிறேன், நீயும் கொடு, நடந்ததை மட்டும் எழுது என்றார். குரல் உயரவில்லை. படிவத்தில் ‘நடந்தது’ என்று ஒரு கட்டம், ‘காரணம்’ என்று ஒரு கட்டம். முதல் கட்டத்தில், பணிப்பெண் விமானி அறைக்குள் செல்ல மறுத்தார் என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்தில், காரணம் கூறவில்லை என்று எழுதினேன். இரண்டுமே உண்மை. இவ்வளவு சுத்தமான உண்மையை நான் என் வாழ்நாளில் வேறெங்கும் எழுதியதில்லை.

இரண்டு நாளில் அவளை நிறுத்தினார்கள். எனக்கு லீவு முன்னரே போட்டிருந்தது. ஊருக்கு வந்துவிட்டேன். ஆறாம் நாள் அவள் இறாலோடு வந்து நின்றாள்.

இறாலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிற சாட்டில் குசினிக்குள் போனேன். அவள் பின்னாலேயே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அக்கா, செவ்வாய்க்கிழமை விசாரணை. வீடியோவில. பாதுகாப்புக் குற்றம் எண்டு முடிச்சாங்க எண்டா என்ர வேலை போயிரும். மறுகா வேற ஒரு கம்பனியிலயும் என்ன எடுக்க மாட்டாங்க.”

“தெரியும் புள்ள.”

“காரணம் சொல்லல்ல எண்டு எழுதியிருக்கீங்க.”

“நீ சொல்லல்லதானே?”

இப்படி நான் கேட்டேன். வெட்கமில்லாமல், என் வீட்டுக் குசினியில் நின்று, அவளுடைய தாய் கொடுத்த இறாலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“மூடி போடாத எண்டு சொன்னது ஆருக்கா?” என்றாள். “நான் கேக்கல்லியே. நீங்களாத்தானே சொன்னீங்க. என்னத்துக்குச் சொன்னீங்க?”

கையிலிருந்த இறாலை மேசையில் வைத்தேன்.

“அந்தாள் என்ன செஞ்சாரு தெரியுமா? ரெண்டு கோப்பையயும் என்ர கையில இருந்து மெல்ல வாங்கி, அங்க கோப்பை வைக்கிற ஓட்டையில வெச்சாரு. ஒண்டு என்ர கையில ஊத்துப்பட்டுட்டு. தொடைக்கிறன் எண்டு புடிச்சாரு. மறுகா என்ர கைய உடவேயில்ல. கோப்பி கொண்டுவாற ஆக்களை எனக்குத் தெரியும் எண்டு சொன்னாரு, அக்கா. எத்தினை பேரு கொண்டுபோயிருக்காங்க?”

அதற்கு மேல் அவள் சொன்னதை எழுதமாட்டேன், அது அவளுடையது. நான் கண்டுபிடித்த கெட்டித்தனத்தை அவர் வருடக்கணக்காகப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது மட்டும் விளங்கியது.

“நான் என்ன செய்யணும்?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சதச் சொல்லுங்க,” என்றாள். “எனக்காகப் பொய் சொல்ல வேணாம்.”

தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

என் கணவருக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். அன்று இறால் பொரித்திருந்தேன். அவர் இரண்டு வாய் சாப்பிட்டபின், பதினொரு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். அவர் கையைச் சாப்பாட்டிலேயே அப்படியே வைத்தார்.

“என்னகா, இவ்வளவு காலமும் எனக்கிட்டச் சொல்லல்லியே?”

“சொன்னா என்ன செய்திருப்பீங்க?”

“வேலையை உட்டுட்டு வா எண்டிருப்பன். வேற என்ன?”

“அதுக்குத்தான் சொல்லல்ல.”

அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அவருக்கே பிடிபடவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் கூப்பிடவில்லை. வெகு நேரம் கழித்து உள்ளே வந்து, “சொல்லப்போறியா?” என்றார். ஓம் என்றேன். “உன்ர வேலையும் போகும்,” என்றார். அதற்கும் ஓம் என்றேன். “சரி, அப்ப சொல்லு,” என்றார். அவ்வளவுதான். நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை என் அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன். காரணம் கூறவில்லை என்ற இடத்தில், காரணம் எனக்குத் தெரியும் என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை மடிக்கணினியின் முன் சீருடையின் மேற்சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே வீட்டுப் பாவாடை. திரையில் மூன்று பேர்: பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண், மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர், ஓய்வுபெற்ற விமானி ஒருவர். நாலாவது கட்டத்தில் அவள். பனிச்சங்கேணியில் சிக்னல் சரியில்லை. அவளுடைய முகம் அடிக்கடி உறைந்து உறைந்து வந்தது. விசாரணை அவள்மேல் என்பதால் நான் சொல்லும் எல்லாவற்றையும் கேட்க அவளுக்கு உரிமை இருந்தது.

என்னுடைய பழைய கதையைச் சொல்லி முடித்தேன். ஓய்வுபெற்ற விமானிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எதற்கென்று நினைக்கிறீர்கள்? மூடிக்கு. மூடி இல்லாத சூடான பானத்தையா விமானி அறைக்குள் அனுப்பினீர்கள், எத்தனை வருடமாக, யார் அனுமதித்தது, மீட்டரில் ஊற்றினால் என்ன ஆகும் தெரியுமா என்று பொரிந்து தள்ளினார். ஒரு பெண்ணின் சட்டைக்குள் போன கையைவிட அந்த மூடி அவருக்குப் பெரிதாக இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கத்தவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் மூடி விடயத்தில் அவர் சொன்னது சரி, அதையும் ஒப்புக்கொண்டேன்.

பாதுகாப்புப் பிரிவுப் பெண் இடையில் பேசவில்லை. எல்லாரும் ஓய்ந்தபின், அமைதியாகக் கேட்டார்:

“அந்த நாலு நிமிடம் நீங்கள் கதவுக்குப் பக்கத்தில் நின்றீர்கள். நீங்கள் ஏன் உள்ளே போகவில்லை?”

“பயம்,” என்றேன்.

“பொறுப்பாளராக வந்தபின் அந்தக் கப்டனோடு நீங்கள் எத்தனை தடவை உள்ளே போயிருக்கிறீர்கள்?”

யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“ஒரு தடவையும் இல்லை.”

“அப்படியானால் யார் போவார்கள்?”

“இருப்பவர்களில் ஆகச் சின்னப் பிள்ளை.”

“ஏன்?”

“அவர் அப்படிக் கேட்பார்.”

“அவர் கேட்காத நாட்களில்?”

நான் திரையில் அவளுடைய கட்டத்தைப் பார்த்தேன். இந்த முறை படம் உறைந்திருக்கவில்லை. அவள் கண்ணிமைப்பது தெரிந்தது.

“அந்த நாட்களிலும் அப்படித்தான் அனுப்பினேன்,” என்றேன்.

மனிதவளப் பிரிவுக்காரர் எதையோ எழுதினார். அவளுடைய கட்டம் இருண்டது. சிக்னல் போனதா, அவளாகவே நிறுத்தினாளா என்று எனக்குத் தெரியாது. விசாரணையை அத்தோடு முடித்தார்கள்.

மூன்று கிழமை கழித்துக் கடிதங்கள் வந்தன. கப்டனுக்கு எதிராக வேறு விசாரணை தொடங்கியிருக்கிறது. அது முடியும்வரை அவர் பறக்கமாட்டார். என் வித்தையைக் கேட்டுக் கோப்பி கொண்டுபோன பிள்ளைகளில் இருவர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறார்கள். அவர்களும் எழுதியிருக்கிறார்களாம். என்னிடமிருந்து பொறுப்பாளர் பதவியை எடுத்துவிட்டார்கள். சாதாரணப் பணிப்பெண்ணாகத் தொடரலாம் என்று இருந்தது. அது குறைந்த தண்டனை என்றுதான் நினைக்கிறேன். என் கணவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்து வைத்தார்.

அன்று பின்னேரமே அவள் எனக்குப் போன் எடுத்தாள். அன்றைய விசாரணைக்குப் பிறகு அவள் குரலை அப்போதுதான் கேட்டேன்.

“அக்கா, குற்றம் ஒண்டுமில்லயெண்டு எழுதியிருக்காங்க. ஒண்ணாந் தேதி வரச் சொல்லியிருக்கு.”

எனக்கு அடக்கமுடியாத சந்தோசம். அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, ஏதோ எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போல, “நானும் அந்தக் கிழமைதான் போறன் புள்ள. ரெண்டு பேரும் ஒண்டாப் போவமே. கொழும்புக்கு வாகனம் நான் பேசுறன்,” என்றேன்.



“இல்லக்கா,” என்றாள். கோபமான குரல் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். “ஆரார் ஆரோட பறக்கிறதெண்டு போடுற ஆக்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கன். ரெண்டு பேரோட என்னப் போட வேணாமெண்டு கேட்டிருக்கன். உங்களுக்கு வேற ஆக்கள் சொல்லித் தெரிய வாறத்துக்கு முன்ன நானே சொல்லணும் எண்டு எடுத்தன்.”

ஒரு பெயர் எனக்குத் தெரியும். மற்றது யார் என்று நான் கேட்கவில்லை.

“ஓம் புள்ள,” என்றேன். “நீ செஞ்சது சரிதான்.”

“வெக்கிறன் அக்கா,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.